திரும்பி நின்ற கொக்கி

1873ஆம் வருஷம் ஜூன் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மெலியோரா போல்கிளாஸ் சமையற்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, அவளுடைய காதலன் செத்துப்போனான் என்று சேதி வந்தது. ஜேபஸ் டாங்கினுக்கு எழுதத் தெரியாது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் அவர்களுக்குள் கடுதாசிப் பழக்கமே கிடையாது. சேதி ஒரு குந்தாலிப் பிடியாக வந்தது. இரும்பு கழன்றுபோன வெறும் மரப்பிடி.

கொண்டுவந்தவன் சாக் யூரென். போன வருஷம் அடிலெய்டுக்கு வடமேற்கே இருக்கிற மூன்டா செம்புச் சுரங்கத்தை விட்டுவிட்டு வடக்கே தங்கம் தேடிப் போன கூட்டத்தில் அவனும் ஒருத்தன். போகும்போது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். இப்போது கொடிக்கம்பத்தில் சட்டை மாட்டின மாதிரி இருந்தான். காய்ச்சலின் மஞ்சள் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

"கெசையாக்கா இல்லையா?" என்று படிக்குக் கீழேயே நின்றான்.

"அம்மா தண்ணி வண்டிக்கு நிக்கிறாங்க. உள்ள வா சாக். நீ எப்ப வந்தே? ஜேபஸும் வந்துட்டானா?"

சாக் தொப்பியைக் கழற்றினான். மூன்டாவில் ஆண்கள் தொப்பியைக் கழற்றுகிற இடம் இரண்டுதான். கோயில், சாவு வீடு.

"மழைக்காலத்துல காய்ச்சல் வாரிட்டுப் போயிருச்சு, மெலி. நான் வேற முகாம்ல கெடந்தேன். எனக்கும் அதே காய்ச்சல்தான். பங்காளி முகத்தக்கூடப் பாக்க முடியல. சாமான் ஏத்துற வண்டிக்காரன் இதக் கையில குடுத்து, மூன்டாப் பக்கத்து ஆளு, ஜே.டி., வீட்ல சேத்துருன்னான்."

மாவுக் கையோடு அவள் அதை வாங்கிக்கொண்டாள். பிடியின் அடிப்பக்கத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு இரண்டு எழுத்து இருந்தது. ஒரு கொக்கி, தலையில் குறுக்குக்கட்டை வைத்த ஒரு கம்பம். இங்கிலீஷ் ஜே (J), டி (T). உலகத்தில் இருக்கிற எழுத்துகளில் அவளுக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான். அதில் இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டே போடுவாள்.

காரணம் பாஸ்டி. மெலியோராவின் அப்பா சுரங்கத்தில் பாறை விழுந்து போனதிலிருந்து கெசையா வீட்டில் சுரங்க ஆட்களைத் தங்கவைத்துச் சோறு போட்டு வந்தாள். பொழுது விடிந்தால் ஆளுக்கொரு பாஸ்டி. இறைச்சி, உருளைக்கிழங்கு, டர்னிப், வெங்காயம் வைத்து, சோமாசி மாதிரி மடித்து, ஓரத்தைக் கயிறுபோல் முறுக்கி, அடுப்பில் வேகவைப்பது. ஒரு மூலையில் ஆளின் பெயரெழுத்தை மாவுத் துண்டால் செய்து ஒட்டவேண்டும். கீழே இருட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பாறையில் வைக்கிறவன், பிறகு தன்னுடையது எது என்று தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் எழுத்தில்லாத மூலையிலிருந்து தின்ன ஆரம்பிப்பார்கள். எழுத்து கடைசிவரை இருக்கும்.

நாலு வருஷம் முன்பு ஜேபஸ் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வீட்டில் ஜே எழுத்துக்காரன் யாரும் இருந்ததில்லை. "ஜேன்னா எப்படி மாமா இருக்கும்?" என்று மெலியோரா உள்ளேயிருந்து கத்திக் கேட்டாள். அங்கேயே தங்கியிருந்த டிகரி மாமா, பெயருக்கு மாமா, வாய் மட்டும் பதினெட்டு வயசு, அப்போதுதான் ஷிப்டு முடிந்து வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார். விரலில் இருந்த செம்மண் சேற்றால் ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமிருந்து வரைந்து காட்டினார். அவள் உள்பக்கமிருந்து பார்த்தாள். கம்பம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கம்பம்தான். கொக்கி அப்படி இல்லை. இடது பக்கம் வளையவேண்டியது அவளுக்கு வலது பக்கம் வளைந்து தெரிந்தது. அப்படியே மாவில் செய்தாள். அப்படியே அடுப்பில் வைத்தாள்.

ஜேபஸ் தன் பெயரைக் கற்றுக்கொண்டது அந்தப் பாஸ்டியிலிருந்துதான். குவளையில், மெழுகுவத்திப் பெட்டியில், குந்தாலியில், பாடகர் குழுவில் அவன் உட்காருகிற பெஞ்சின் முதுகில் என்று கை போன இடமெல்லாம் கீறி வைத்தான். எல்லாக் கொக்கியும் வலது பக்கம் பார்த்தன. பார்த்த யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் அந்தப் பெஞ்சில் உட்காருவதில்லை.

ஞாயிறு பள்ளியின் வருஷாந்திரத் தேநீர் விருந்து கடற்கரையில் நடந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. எலிஷா ரோடா சுரங்க ஆபீசில் தாதுவைச் சோதிக்கிற பிரிவில் எழுத்தர், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஆசிரியர், எல்லா நாளும் மெலியோராவைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஆள். அவர் ஜேபஸின் பாஸ்டியைப் பார்த்துவிட்டுக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல் சொன்னார்:

"மிஸ் போல்கிளாஸ், ஜே இந்தப் பக்கம் திரும்பாது. அந்தப் பக்கம்தான் திரும்பும்."

கூட்டம் சிரித்தது. "டாங்கினுக்கு இத்தன நாளா முதுகக் காட்டிக்கிட்டே சோறு போட்டிருக்கா" என்றார் டிகரி மாமா. தப்பு அவருடைய விரலில் தொடங்கியது என்பது அவருக்கு அன்றைக்கும் தெரியாது, பிறகும் யாரும் சொல்லவில்லை. ஜேபஸ் பீட்ரூட் மாதிரி சிவந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை மெலியோரா கொக்கியைத் திருப்பி ஒட்டினாள். சாயங்காலம் ஜேபஸ் பாஸ்டியின் மூலையைத் தின்னாமல் துணியில் மடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"இது யாரோடது?"

"உன்னோடதுதான்."

"என்னோடது இந்தப் பக்கம் பாக்காது."

"இதுதான் சரியாம். ரோடா சொன்னாரே."

"அவரு சரியாத்தான் சொல்லுவாரு. படிச்சவரு." ஜேபஸ் பாட்டில்தான் பெரிய குரல், பேச்சில் கஞ்சன். "ஆனா நீ என்ன எப்படி எழுதினியோ அதான் நான். திருப்பி வச்சிரு."

அவன் அவளிடம் கல்யாணப் பேச்சு என்று பேசியது அவ்வளவுதான். மறுநாள் கொக்கி பழையபடி திரும்பியது. அதோடு இருவருக்கும் நிச்சயம் ஆனதாகவே ஊர் எடுத்துக்கொண்டது.

பிறகு செம்பு விலை இறங்கியது, வடக்கே தங்கம் என்று பேச்சு கிளம்பியது, சின்னதாக ஒரு சொந்த வீடு கட்டுகிற அளவுக்குக் கிடைத்தால் போதும் என்று ஜேபஸும் கப்பலேறினான். போனவனிடமிருந்து எப்போதாவது வாய்வழியாக ஒரு வரி வரும். "உன் ஆளு நல்லாருக்கான், தாடி வளத்திருக்கான்." "உன் ஆளு முகாம்ல பாட்டுச் சொல்லித் தரான்." அந்த ஒரு வரியை அவள் ஒரு மாசத்துக்கு வைத்துக்கொள்வாள். தாடி எந்த நிறம் என்று யோசிப்பாள். தலைமுடி கறுப்பு, மீசை செம்பட்டை, அப்படியென்றால் தாடி எதன் பக்கம் சாயும்? மாவு பிசையும்போது, படுக்கை விரிக்கும்போது, கோயிலில் தாழ்ந்த குரல் பாடவேண்டிய இடம் வெறுமையாகக் கடக்கும்போது, அந்தத் தாடிதான் மனசில் ஓடும்.

சனிக்கிழமைதோறும் ஜே.டி. என்று ஒரு பாஸ்டி கூடுதலாகச் செய்வாள். சுரங்கத்துக்குள் சுவருக்குப் பின்னால் தட்டிக்கொண்டு திரிகிற குட்டி ஆவிகளுக்கு மூலையைப் போட்டால் ஆளைக் காப்பாற்றும் என்பது வழக்கம். டிகரி மாமா நடுப்பகுதியைத் தின்றுவிட்டு எழுத்து மூலையை அங்கே வைப்பார்.

"இதுங்க மூன்டா ஆவிங்கடி. வடக்குல இதுங்க பேச்சு எடுபடுமா?" என்பார்.

"அங்கயும் சொந்தக்காரங்க இருக்க மாட்டாங்களா மாமா. சொல்லியனுப்பும்."

"ஆவிக்கும் பங்காளியா. சரி, நல்லாத் தின்னுட்டு நல்லா சொல்லியனுப்பட்டும்."

இப்போது சாக் யூரென் தொப்பியும் கையுமாக நின்றான். கெசையா இரண்டு வாளித் தண்ணீரோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாளியைத் தரையில் வைத்தாள், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தண்ணீர் அவ்வளவு அருமை அந்த ஊரில். பிறகுதான் உட்கார்ந்து முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் ஊர் வந்துபோய்விட்டது. போதகர் வந்து ஜெபித்தார். ஞாயிறு மாலை பாடகர் குழு அடக்கப் பாட்டுப் பாடும் என்றார், எங்கள் குழுவில் அப்படி ஒரு தாழ்ந்த குரல் இனி வராது என்றார். பக்கத்து வீட்டுக்காரி துக்க உடுப்புக்குக் கறுப்புச் சாயம் கொடுத்தாள். கெசையா பெரிய பானையில் அதைக் கரைத்து அடுப்பில் ஏற்றிவிட்டு, மகளுடைய சாம்பல் நிற உடுப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மெலியோரா அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பிடியில் ஒட்டியிருந்த மாவை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்குள் புகுந்த மாவை ஊசியால் நோண்டினாள். திடீரென்று ஊசி நின்றது.

"அம்மா, இது அவனோடது இல்ல."

"அழுதுரு மெலி. வாயில வந்தத பேசாத."

"கொக்கியப் பாரு. இந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு. ரோடா சொன்ன பக்கம்."

கெசையா பார்த்தாள். அவளுக்குக் கொக்கி கொக்கிதான். "அங்க போயி எவனாவது சரியாச் சொல்லிக் குடுத்திருப்பான். ஒரு வருஷம் ஆச்சேடி. மனுஷன் மாற மாட்டானா?"

"அவன் மாத்த மாட்டான்."

"ஆமா, பெரிய சத்தியம் பண்ணிட்டுப் போனான்." கெசையா பிடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கை பிடிக்கிற இடத்தில் கித்தான் துணி சுற்றி, நீல நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. ஒரு தையல்கூடக் கோணவில்லை. கெசையாவின் முகம் மாறியது. "இது ஆம்பளத் தையல் இல்ல. உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப யாரு தைச்சா? அவன்தான் மாற மாட்டானே. அங்க ஒருத்தி உக்காந்து அழகா தைச்சுக் குடுத்திருக்கா. அவளே எழுத்தும் சொல்லிக் குடுத்தாளோ என்னவோ."

சொன்ன பிறகு கெசையாவுக்கே வலித்தது. அடுப்பைக் கிளறப் போய்விட்டாள். மெலியோரா உடுப்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். சாயம் அடுப்பிலேயே கொதித்தது. தெருவில் பேச்சு அன்றைக்கே கிளம்பியது: போல்கிளாஸ் வீட்டுப் பெண் கறுப்பு உடுத்த மாட்டேன் என்கிறாளாம், சோகத்தில் மூளை பிசகிவிட்டதாம்.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் எலிஷா ரோடா வந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் பிடியை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"நான் சொல்றது உங்களுக்குப் பிடிக்காது, மிஸ் போல்கிளாஸ். எழுத்தை முகாம்ல இருந்த கொல்லன் சுட்டுக் குடுத்திருக்கலாம். கொல்லனுக்கு எழுத்து தெரிஞ்சிருக்கும்."

"கொல்லன் சுட்டா அவன் வாங்கியிருக்க மாட்டான்."

"ஏன்?"

அவள் பாஸ்டி மூலையின் கதையைச் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ என்ன எப்படி எழுதினியோ அதான் நான், என்பதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டாள். ரோடா தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அப்படின்னா அது அவரோடது இல்ல," என்றார் கடைசியில். பிறகு, எதையும் கணக்காக யோசித்துப் பழகிய ஆள் என்பதால், அதையும் சொல்லிவிட்டார்: "ஆனா இது ஒரு ஜே.டி.யோடது. இத தைச்ச அம்மா எங்கயோ இருக்காங்க. அவங்களுக்கு இன்னும் சேதி போகல."

மெலியோரா அதுவரை அதை நினைக்கவில்லை. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் உள்ளுக்குள் கிட்டத்தட்டப் பாடிக்கொண்டிருந்தாள். இப்போது நீல நூலைப் பார்த்தாள். அந்த நூலை மெழுகில் இழுத்து, ஒவ்வொரு குத்தாக, ஆள் கிளம்புவதற்குள் முடிக்கவேண்டுமே என்று ஒருத்தி அவசரமாகத் தைத்திருக்கிறாள். அவளும் எங்கோ ஒரு வரிச் சேதியை ஒரு மாசத்துக்கு வைத்துக்கொண்டிருப்பாள்.

"கண்டுபிடிக்கணும்," என்றாள்.

வியாழக்கிழமை காலை பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு சுரங்கத்து வரிசை வீடுகளில் ஏறி இறங்கினாள். மூன்டாவில் ஜே.டி.க்குப் பஞ்சமில்லை. எங்கள் ஆட்கள் பிள்ளைக்குப் பெயர் வைக்க பைபிளைத் திறந்தால் பாதி ஜேயில்தான் விழும், குடும்பப் பெயரோ பாதி 'ட்ரெ' என்றுதான் ஆரம்பிக்கும்.

"ஜே.டி. வேணுமா? எங்க வீட்லயே மூணு இருக்கு, எது வேணுமோ எடுத்துக்க," என்றாள் ஒருத்தி. "பெரியத எடுத்துட்டுப் போ தாயி, அதான் சோறு ஜாஸ்தி தின்னுது."

மூன்றும் பூமிக்கு மேலே நல்லபடியாக இருந்தன. அடுத்த வீட்டு ஜே.டி. பூமிக்குக் கீழே, ஆனால் ஷிப்டுக்குப் போயிருந்தான். அவள் திரும்பிவரும்போது சாக் யூரென் அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். கெசையா அவனுக்குச் சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் தப்பாக் கொண்டாந்துட்டேன்னு ஊரே பேசுது," என்றான் பாவமாக. "எனக்குத் தெரிஞ்சு மூன்டாலேர்ந்து போன ஜே.டி. இவன் ஒருத்தன்தான். வண்டிக்காரன் வேற, நல்ல வாட்டசாட்டம், உங்க ஊரு ஆளுன்னான். நான் என்னத்தக் கண்டேன்."

"மூன்டான்னு சொன்னானா, மூன்டாப் பக்கம்னு சொன்னானா?"

"பக்கம்னுதான். அவன் வெளியூர்க்காரன். அவனுக்கு மூன்டாவும் கடினாவும் ஒண்ணுதான்."

"வேற என்ன சொன்னான்? யோசிச்சுச் சொல்லு சாக். ஒண்ணு விடாம."

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சான்." சாக் சூப்பைக் கீழே வைத்தான். "செத்தவன் சாமானக் குடுக்கும்போது சிரிக்கிறானேன்னு எனக்குக் கோவம் வந்துச்சு. அப்புறம் அவனே சொன்னான், பாவம் நல்ல மனுஷன், ஆனா முகாம்ல எல்லாரும் அவன ஓட்டி எடுப்பாங்கன்னு. காய்ச்சல்ல எனக்கு அப்ப ஒண்ணும் ஒறைக்கல, பொண்டாட்டி பாஸ்டிய மேல மடிப்பாளாம்."

கெசையாவின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை, ஒரு நாள் சாப்பிட்டிருந்தால் போதும். பழைய சீமையிலிருந்து கடல் கடந்து வந்த எங்கள் ஆட்கள் எல்லாம் கார்ன்வால்காரர்கள், பாஸ்டியின் ஓரத்தைப் பக்கவாட்டில் முறுக்குவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் டெவன்காரர்கள் உச்சியில், சேவல் கொண்டை மாதிரி முறுக்குவார்கள். இரண்டு சீமைக்கும் நடுவில் ஒரு ஆறுதான். ஆனால் கல்யாணச் சம்பந்தம் பேசும்போது அந்த ஆறு கடலாகிவிடும்.

"மேல மடிக்கிறவ இந்த வட்டாரத்துலயே ஒருத்திதான்," என்றாள் கெசையா. "கடினாப் பக்கம், ட்ரெவின் பொண்டாட்டி. டெவன்காரி. ரெண்டு வருஷம் முன்ன கோயில் விருந்துக்கு அந்தக் கொண்டையக் கொண்டாந்து வச்சா பாரு, ஒருத்தரும் தொடல. நானும் தொடல." நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "ஜோயல் ட்ரெவின். ஜே.டி. கடவுளே, அந்தப் பையன் மட்டும்தான் அன்னிக்கு எல்லாத்தையும் ஒத்தையாத் தின்னான்."

கடினா நடக்கக்கூடிய தூரம் இல்லை. ரோடா சுரங்க ஆபீசில் குதிரைவண்டி கேட்டு வாங்கி, வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டு வந்தார். போய்ச் சேர்ந்தால் தனக்கு மிஞ்சப்போவது என்ன என்று அவருக்குத் தெரியும். வழியெல்லாம் மழையைப் பற்றியும் தொட்டி நிறைவதைப் பற்றியும் பேசினார். மெலியோரா பிடியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

எம்ப்ளின் ட்ரெவின் வேலியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெலியோராவைவிட இரண்டு மூன்று வயசுதான் கூடுதல் இருக்கும். வாயில் துணிக் கவ்விகளோடு திரும்பியவள், வண்டியிலிருந்து ஒரு பெண்ணும் ஆபீஸ் உடுப்புக்காரரும் இறங்குவதைப் பார்த்து, கவ்விகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏப்ரன் பையில் போட்டாள்.

மெலியோரா வழியெல்லாம் வார்த்தை தேடி வைத்திருந்தாள். எதுவும் வேண்டியிருக்கவில்லை. துணியை விலக்கினாள்.

"அந்தக் கித்தான் என்னோடது," என்றாள் எம்ப்ளின். "அவர் கிளம்புற அன்னிக்குத் தைச்சேன். கை காச்சுப் போகுதுன்னாரு." நீல நூலை விரலால் தடவி, "எப்ப?" என்றாள்.

"மழைக்காலத்துல. காய்ச்சல்."

எம்ப்ளின் தலையாட்டினாள். காயப்போட்ட சட்டை ஒன்று ஆண்பிள்ளைச் சட்டை. ஆள் இல்லாத வீட்டிலும் மாசத்துக்கு ஒருமுறை துவைத்து வைக்கிற சட்டை. அதைக் கொடியிலிருந்து எடுத்து, ஈரத்தோடு மார்பில் வைத்துக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மெலியோராவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோடா குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனார். அது குடித்து முடித்த பிறகும் அங்கேயே நின்றார்.

சட்டையை மடியில் இறக்கிவிட்டு எம்ப்ளின் கேட்டாள்: "இத ஏன் நீ கொண்டு வந்தே?"

"எங்கிட்டதான் முதல்ல வந்துச்சு. என் ஆளும் ஜே.டி.தான்."

"அப்ப நீ நெனச்சிருப்பே."

"நெனச்சேன்."

"எப்படி இல்லேன்னு தெரிஞ்சுது?"

மெலியோரா கொக்கியைப் பற்றிச் சொன்னாள். கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னாள். பிறகு மடிப்பைப் பற்றியும் சொல்லவேண்டி வந்தது. அதைச் சொல்லாமல் வாசல்வரை வந்த வழியைச் சொல்ல முடியாது.

எம்ப்ளினின் தொண்டையில் அழுகையா சிரிப்பா என்று தெரியாத சத்தம் ஒன்று வந்தது. "எவ்வளவு ஓட்டுவாங்க தெரியுமா அவர. ஒருநாள் சொன்னேன், பக்கத்துல மடிக்கிறேன், கத்துக்கிறேன்னு. வேணாம்னுட்டாரு. மேல மடிச்சாத்தான் தூக்கப் பிடி மாதிரி இருக்கு, இருட்டுல தடவிப் பாத்தாலே என் வீட்டுதுன்னு தெரியுது, எழுத்தே வேணாம்னாரு."

மெலியோரா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். எம்ப்ளினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே அழைத்துப் போய் எம்ப்ளின் காலையில் சுட்ட பாஸ்டியை வெட்டி வைத்தாள். வந்தவர்களுக்கு ஏதாவது வைக்காமல் அனுப்பினால் தன் கை சும்மா இருக்குமே என்று பயந்த மாதிரி இருந்தது. கொண்டை மேலே நின்றது. மெலியோரா, கெசையாவின் மகள், பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைத் தொடாதவள், கொண்டையோடு முழுவதும் தின்றாள். நன்றாகவே இருந்தது.

திரும்பும்போது மேகம் கலைந்திருந்தது. குதிரை வீட்டு வாசனை பிடித்துத் தானாகவே நடந்தது.

"அந்தக் கொக்கி எப்படித் திரும்பிச்சு? நான் ரொம்ப நாளா யோசிக்கிறேன்," என்றார் ரோடா.

அவள் ஜன்னலையும் டிகரி மாமாவின் விரலையும் சொன்னாள். ரோடா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அன்னிக்குக் கடற்கரைல நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, ஜேக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இன்னிக்கு நீங்க கறுப்புல இருந்திருப்பீங்க."

"ஆமா."

"எனக்கு நானே வெட்டிக்கிட்ட குழி. நல்ல ஆழமாத்தான் வெட்டியிருக்கேன்."

"சுரங்க ஊர்லதான இருக்கீங்க," என்றாள் மெலியோரா.

அவர் மறுபடியும் சிரித்தார், இந்தத் தடவை கொஞ்சம். சுரங்கத்தின் புகைபோக்கி தெரியத் தொடங்கியபோது, முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அது அவரில்லன்னு தெரிஞ்சுது. அவ்வளவுதான் தெரிஞ்சுது. வரலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"வரலேன்னு தெரியட்டும், அப்ப யோசிக்கிறேன். அது வரைக்கும் சனிக்கிழமை பாஸ்டி இருக்கு." பிறகு, "நீங்க காத்துக்கிட்டு இருக்காதீங்க, மிஸ்டர் ரோடா," என்றாள் மெதுவாக.

"சரி," என்றார் அவர். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. அடுத்த வருஷம் பக்கத்து ஊரான வாலரூவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையைக் கட்டிக்கொண்டார்.

கெசையா வாசலிலேயே நின்றிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. உள்ளே போய் அடுப்போரத்தில் ஒதுக்கி வைத்திருந்த சாயப் பானையை எடுத்து, மூடிபோட்டுக் கட்டினாள்.

"நாளைக்கு யாராவது கடினாப் பக்கம் போறாங்களா பாரு. நானும் கூடப் போறேன். அந்தப் புள்ளைக்கு இப்ப உடுப்புக்கு யாரு சாயம் போடுவா. போட்டுக் குடுத்துட்டு ராத்திரி கூட இருந்துட்டு, ஞாயித்துக்கிழம கையோட கூட்டியாறேன்." பானையை நகர்த்தி வைத்துவிட்டு, மகள் பக்கம் திரும்பாமல், "அன்னிக்கு விருந்துல நானும் ஒரு துண்டு எடுத்திருக்கலாம்," என்றாள்.

சனிக்கிழமை காலை வழக்கம்போல ஒரு பாஸ்டி கூடியது. டிகரி மாமா அதை வாங்கிப் பார்த்தார். கொக்கி வலது பக்கம் பார்த்தது.

"பாவம் அந்த ஆவிங்க," என்றார். "இந்த வாரம் ரொம்பக் குழம்பியிருக்கும். நான் வெளக்கமா எடுத்துச் சொல்றேன்."

ஞாயிறு மாலை பாடகர் குழு அடக்கப் பாட்டைப் பாடியது. ஜோயல் ட்ரெவினுக்காகப் பாடியது. மூன்டா கோயிலில் கடினாக்காரனுக்குப் பாடுவது வழக்கமில்லை, ஆனால் போதகர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எம்ப்ளின் முன்வரிசையில் கெசையாவுக்குப் பக்கத்தில் புதுக் கறுப்பில் உட்கார்ந்திருந்தாள். மெலியோரா சாம்பல் உடுப்பில் பாடகர் பெஞ்சுக்குப் பின்னால் நின்றாள். தாழ்ந்த குரல் வரவேண்டிய இடம் எப்போதும்போல வெறுமையாகக் கடந்தது. அந்த இடத்தில் அவள் பெஞ்சின் முதுகில் கீறியிருந்த கொக்கியை விரலால் தடவினாள். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து மிச்சத்தைப் பாடினாள்.

செப்டம்பர் இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை, அடிலெய்டிலிருந்து வந்த கரையோரக் கப்பல் மூன்டா விரிகுடாத் துறையில் வந்து நின்றது. வடக்கிலிருந்து திரும்பியவர்கள் அதிலிருந்து இறங்கினார்கள். அவர்களில் செம்பட்டைத் தாடிக்காரன் ஒருவன் இருந்தான். அவன் ஜேபஸ் டாங்கின்.